ஒரு பாகைக் குளிரில் இருபது லீற்றர் பியர்

1

இந்தக் கதைக்காக நான் இரண்டு போத்தல் பியர் லஞ்சம் வாங்கியிருக்கிறேன். பிறகு யாராவது தோண்டியெடுத்து என் முகத்தில் எறியக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தந்தவன் சாரங்கன். கொழும்பின் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எனக்கு எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவன். வயது முப்பத்தாறு. வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது தொழில். தன்னுடைய பிழையை மட்டும் கண்டுபிடிக்கத் தெரியாதவன் என்று எழுதினால் வசனம் எடுப்பாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. அவனுக்குத் தெரியும். அதுதான் அவனுடைய கரைச்சல்.

போத்தல்களில் லேபல் இல்லை. பியரை அவனே வீட்டில் காய்ச்சினான். (வீட்டில் பியர் காய்ச்சுவதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று என்னிடம் கேட்க வேண்டாம். நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.) கிளாசில் ஊற்றினேன். கஞ்சித் தண்ணீர் மாதிரி மங்கலாக இருந்தது. ருசி குறைசொல்ல முடியாது. ஏன் இவ்வளவு மங்கல் என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவன் இரண்டரை மணித்தியாலம் பதில் சொன்னான்.

சொல்லி முடித்துவிட்டு, இதை எழுத வேண்டும் என்று அவனே கேட்டான். இரண்டு நிபந்தனை. ஒன்று, பெயரை மாற்ற வேண்டும். மாற்றியாயிற்று. இரண்டு, வாசிக்கிறவர்களுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு போத்தல் காணாது என்று சொல்லியிருக்கிறேன்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

களனி கங்கை கரையை உடைத்துக்கொண்டு வத்தளைக்குள் புகுந்த அந்த நவம்பர்

(வெள்ளத்தோடு தொடங்கினால் வாசகர் முதல் வரியிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பிறகு பியருக்கு யார் சிரிப்பது?)

ஈஸ்ட் என்பது ஓர் உயிர். அதற்கும் களைப்பு

(பாடப்புத்தகம்.)

சாரங்கன் நல்லவன். ஆனால்

(இந்த வசனத்தை முடிக்கவில்லை. 'ஆனால்' வரைக்கும் வந்ததே இரண்டாம் நிபந்தனைக்கு நான் கொடுத்த மரியாதை.)

ஃபிரிட்ஜிலிருந்து தொடங்குகிறேன்.

3

ஃபிரிட்ஜ் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு சின்ன வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. குடிக்காதவர்கள் ரசம் வைப்பதைப் பற்றி வாசிப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

முளைகட்டிய பார்லிப் பாகினைத் தண்ணீரில் கரைத்து, ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி, மூடிய வாளியில் இரண்டு கிழமை விட வேண்டும். பாகும் பூவும் மெல்பேர்ணிலிருந்து சாரங்கனின் மச்சான் ஹரிசனின் சூட்கேசில், காற்சட்டைகளுக்கு நடுவே வந்தன. ஈஸ்ட் சீனியைத் தின்று மதுவையும் வாயுவையும் விடும். வாளி மூடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் வளைவு செருகியிருக்கும். அதன் வழியாக வாயு புளுக், புளுக் என்று வெளியேறும். சாரங்கன் வாளியை இரண்டாவது குளியலறையில் வைத்திருந்தான். பல் தீட்டும்போது அது தன்னோடு கதைக்கிறது என்று மனைவி ரூபிகா முறைப்பாடு சொன்னாள். ரூபிகா வங்கி ஒன்றில் உதவி முகாமையாளர். முறைப்பாடுகளை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவள்.

புளுக் நின்றதும் பியர் தயார் என்று அவசரக்காரர் போத்தலில் அடைத்துவிடுவார்கள். அது குழம்பிய பியர். அதற்குள் வேலை முடிந்த ஈஸ்ட் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவையை விட்டு இரண்டு மூன்று நாள் எண்ணைக் குறித்துப் பார்க்க வேண்டும். எண் மாறாவிட்டால் நொதித்து முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வாளியை அப்படியே தூக்கி ஒன்று, இரண்டு பாகைக் குளிரில் வைத்துவிட வேண்டும். உறைய விடக் கூடாது, உறைவதற்குக் கிட்ட. ஈஸ்டுக்கு விறைக்கும். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மிதந்த மற்றத் தூசு தும்புகளும் அதன்மேல் படியும். மேலே தெளிந்த பியர் நிற்கும். குறைந்தது மூன்று நாள். பொறுமையுள்ளவனுக்கு ஒரு கிழமை. ஆட்டக் கூடாது, ஆசைப்பட்டுத் திறந்து பார்க்கவும் கூடாது. புதியவர்கள் மறக்கும் ஒரு விஷயம்: குளிரக் குளிர வாளிக்குள் இருக்கும் காற்றுச் சுருங்கி, மூடியின் வளைவிலுள்ள தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். அதைக் கழற்றிவிட்டுத் துளையைச் சுத்தமான பொலித்தீன் தாளால் இறுக்கி அடைக்க வேண்டும்.

(இந்த வேலைக்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்தேன். 'குளிர்ப் பதனிடல்' என்று எழுதிப் பார்த்தேன். கருவாட்டு மணம் வந்தது. 'குளிரில் கிடத்தல்' என்றால் பிரேத அறை. சாரங்கனின் மாமியார் ஒரு சொல் வைத்திருந்தார்: விறைக்கப் போடுறது. அதுதான் சரி.)

மாமியார் பெயர் இரத்தினம்மா. ரூபிகாவின் தாய். வயது அறுபத்திரண்டு. தபால் கந்தோரில் முப்பத்தோரு வருடம் கவுண்டரில் இருந்து ஓய்வுபெற்று, மகளோடு இருக்கிறார். மருமகன் குளியலறையில் கள்ளு வடிக்கிறான் என்று தங்கைக்குத் தொலைபேசியில் மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்வார். வாளி வீட்டில் இருப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தன் தோசை மாவும் தயிரும் இருக்கும் ஃபிரிட்ஜுக்குள் அது வராது என்பதில் மட்டும் உறுதி. அதனால் சாரங்கன் இரண்டாவது ஃபிரிட்ஜ் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனான்.

4

கொட்டாஞ்சேனையில் ராசிக் நானாவுக்கு, அதாவது ராசிக் அண்ணனுக்கு, ஒரு பட்டறை இருந்தது. பழைய ஃபிரிட்ஜ்களை வாங்கித் திருத்தி விற்பவர். ஐம்பது வயது, மெலிந்த ஆள், கதைக்கும்போதும் கையிலிருக்கும் திருகாணியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். (நான் இவரைச் சந்தித்ததில்லை. இவரைப் பற்றிய எல்லாம் சாரங்கன் சொன்னது. அவன் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்பதை இந்தப் பகுதி முடிந்ததும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

அங்கே ஒரு ஃபிரிட்ஜ் சாரங்கனின் வாளிக்கென்றே செய்தது போல நின்றது. ஒற்றைக் கதவு, உள்ளே உறைபெட்டி இல்லை, அடித்தட்டில் தாராளமான இடம். அது வேறொருவருக்குச் சொல்லியாயிற்று, மூன்று கிழமை கழித்து வந்தால் இன்னொன்று தரலாம் என்றார் ராசிக். சாரங்கனின் பியரோ நொதித்து முடிந்து குளியலறையில் முப்பது பாகை வெக்கையில் இருந்தது. மூன்று கிழமை என்றால் கெட்டுவிடும் என்று அவனுக்குப் பயம். அவன் வாயைத் திறந்தான்.

மாமியின் இன்சுலின் வைப்பதற்கு வேண்டும், வீட்டு ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை, மருந்து பழுதாகிறது என்றான்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தெரியாது, வாய்க்குள் ஏற்கெனவே இருந்தது மாதிரி வந்தது என்றான். எழுத்தாளர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் நாங்களும் இதையேதான் சொல்வோம். கொஞ்சம் அலங்காரமாக.

ராசிக் திருகாணியைக் கீழே வைத்தார்.

"எண்ட மகளுக்கும் அதான் தம்பி. ஒம்பது வயசில இருந்து குத்திறா."

மகள் ரிஸ்லாவுக்கு இப்போது பதினான்கு. பள்ளிக்கூடத்தில் பகல் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட வேண்டும். மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று கழிவறைக்குள் ஒளித்துப் போடுகிறாள், சில நாள் போடாமலே விட்டுவிடுகிறாள், இரண்டு தரம் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ராசிக் இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவனிடம், அவனும் அதே நோய் உள்ள வீட்டுக்காரன் என்ற உரிமையில் சொன்னார்.

உண்மையைச் சொல்லித் திரும்பி வர அப்போது ஒரு முழு நிமிடம் இருந்தது என்று சாரங்கன் ஒப்புக்கொள்கிறான். அந்த நிமிடத்தில் ராசிக் லொறிக்காரனுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். இவன் ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து வாளியின் உயரத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தான்.

5

அடுத்த நாள் ஃபிரிட்ஜோடு ராசிக்கும் வந்தார். அதன் வெளிப்பக்கத்தில் சிவப்பு எண் எரியும் ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டினார். உள்ளே எத்தனை பாகை என்று அது காட்டும், வைத்த எண்ணுக்கு மேலே கீழே போகவிடாது. சாதாரண ஃபிரிட்ஜை நம்பி மருந்து வைக்க முடியாது என்பது அவர் கட்சி. இன்சுலின் இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும், ஒருமுறை உறைந்தால் இளக்கினாலும் உதவாது, வீசத்தான் வேண்டும் என்று விளங்கப்படுத்தி, நாலில் வைத்தார். பெட்டிக்குக் காசு வேண்டாம் என்றார்.

அந்த நேரம் பார்த்து இரத்தினம்மா கையில் ஒரு துண்டு மஸ்கட் அல்வாவோடு வந்தார். எண்ணெய் பளபளக்கும் நல்ல பெரிய துண்டு. ராசிக் அதைப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, இனிப்பில் கொஞ்சம் கவனமாக இருங்கள் அம்மா என்றார். தன் பல்லுக்கு ஒரு குறையும் இல்லை என்று இரத்தினம்மா சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாரங்கன் சமாளித்தான். மாமிக்குத் தன் சீனி வருத்தத்தைப் பற்றி வீட்டில் கதைத்தால் பிடிக்காது என்றான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ராசிக்கின் முகத்தில் மகளைப் பற்றிய யோசனை தெரிந்தது, அவருக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது என்கிறான். (இதை நான் பாதி நம்புகிறேன்.) ஆகவே சொன்னான்: மாமியும் ஒரு காலத்தில் தபால் கந்தோர்க் கழிவறைக்குள் ஒளித்துத்தான் ஊசி போட்டவ. ஒரு நாள் அவவுக்கு வெறுத்துப் போச்சு. கவுண்டரிலேயே, வரிசையில் சனம் நிற்க, சீலையைக் கொஞ்சம் விலத்தி ஊசியைக் குத்திவிட்டு, முத்திரையை நாக்கில் நனைத்தபடி 'அடுத்த ஆள்' என்றா.

ராசிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இதை மகளுக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் எனக்குப் பொறாமை வந்தது. இருபது வருடமாக எழுதுகிறேன். நாலு வசனத்தில் இப்படி ஒரு பெண்ணை நான் நிற்கவைத்ததில்லை. எவ்வளவு நேரம் யோசித்தாய் என்று கேட்டேன். ராசிக் நானா இரண்டு திருகாணி இறுக்கும் நேரம் என்றான்.

6

ராசிக் படியிறங்கிய கையோடு சாரங்கன் நாலை ஒன்றாக்கி, வாளியை உள்ளே வைத்தான். ஒரு கிழமை கழித்து, ஊடாகப் பத்திரிகை வாசிக்கலாம் போலத் தெளிந்த பியர் கிடைத்தது. எனக்குப் படம் அனுப்பினான். பியர் அனுப்பவில்லை.

ராசிக் மாதத்தில் இரண்டு தரமாவது தொலைபேசி எடுத்து மாமியின் சுகம் விசாரித்தார். பொய்யிலிருந்து வெளியேற சாரங்கன் ஒரு திட்டம் வைத்திருந்தான்: மாமியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுகப்படுத்துவது. ஒவ்வொரு அழைப்பிலும் அவருடைய சீனி கொஞ்சம் இறங்கியது. இன்னும் நாலைந்து அழைப்பில் வைத்தியரே ஆச்சரியப்பட்டு ஊசியை நிறுத்திவிடுவார், கதை முடிந்துவிடும். ஆனால் ஒக்டோபரில் ஒரு நாள் ராசிக் வேறு சேதி சொன்னார். ரிஸ்லா இப்போது வகுப்பிலேயே, எல்லோருக்கும் முன்னால் ஊசி போடுகிறாளாம். போட்டுவிட்டு 'அடுத்த ஆள்' என்கிறாளாம். வெள்ளவத்தை மாமியை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று நிற்கிறாளாம்.

அன்று சாரங்கன் மாமியின் சீனியைக் குறைக்கவில்லை.

7

நவம்பரில் இரண்டாவது வாளி உள்ளே போய் மூன்றாம் நாள், மழை.

அந்த மழையைப் பற்றி எழுத எனக்குத் துணிவில்லை. ஒரு பக்கம் எழுதினேன், நல்ல தமிழாக இருந்தது, அதனாலேயே அழித்தேன். கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: களனி கங்கை பெருகி ராசிக்கின் வத்தளை வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மனைவி றலியாவும் ரிஸ்லாவும் மாளிகாவத்தை மாடி வீட்டில், றலியாவின் அக்காவிடம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மின்சாரம் இல்லை. கொட்டாஞ்சேனைப் பட்டறையில் பதினேழு ஃபிரிட்ஜ் நின்றது, அங்கேயும் மின்சாரம் இல்லை. ராசிக்கின் கையில் ஐஸ் கட்டி போட்ட ஒரு பெட்டியும் அதற்குள், அன்றாடம் குத்தும் குப்பி போக, மகளின் மூன்று மாத இன்சுலினும் இருந்தன. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் மின்சாரம் இருப்பதாகக் கேள்விப்பட்டார். தன் கையால் நாலு பாகையில் வைத்துக் கொடுத்த ஒரு ஃபிரிட்ஜ் அங்கே இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

பகல் பன்னிரண்டு மணியளவில் தொடைவரை நனைந்து வந்து கதவைத் தட்டினார். திறந்தது இரத்தினம்மா.

"அம்மா, உங்கட மருந்தோட எங்கட மருந்தயும் கொஞ்ச நாளைக்கு வெக்கணும்."

தனக்கு ஏது மருந்து என்று இரத்தினம்மா கேட்டு முடிப்பதற்குள் சாரங்கன் அறையிலிருந்து ஓடி வந்தான். ராசிக் அதற்குள் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றார். சிவப்பு எண் ஒரு பாகை என்று காட்டியது.

"யாரு இத மாத்தின?"

"நான்தான்" என்றான் சாரங்கன்.

"ஒண்டுல வெச்சா மருந்து கட்டியாகவும் கூடும் தம்பி. பழுதான மருந்தயா இவங்க இத்தின நாளும் குத்தின?"

அவர் இரத்தினம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வையைத்தான் சாரங்கனால் இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. அவருக்கு முதலில் வந்தது சந்தேகம் அல்ல. அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம். தன் மகளின் மருந்துப் பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்க, அவர் பயந்தது இன்னொருவரின் மருந்துக்காக.

அவரே கதவைத் திறந்தார். அடித்தட்டில் வெள்ளை வாளி. மற்றத் தட்டுகள் வெறுமை. கதவுத் தட்டில் மருந்து இருக்கிறதா என்று கையை விட்டுத் தேடினார். பிறகு புளித்த மணம் அவருக்கு எட்டியது.

"மாமிக்கு ஒரு வருத்தமும் இல்லை நானா" என்றான் சாரங்கன். "நான் பொய் சொன்னனான். இது பியர்."

ராசிக் கதவுத் தட்டிலிருந்து கையை எடுத்தார். அவருடைய காற்சட்டையிலிருந்து தண்ணீர் நிலத்தில் வடிந்தது. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்கிறான் சாரங்கன். அவர் கத்தவில்லை.

"நான் அவங்களுக்கு துஆ கேட்டன் தம்பி. எண்ட புள்ளயும் கேட்டா, ஒவ்வொரு சுபஹுக்கும்."

சாரங்கன் குனிந்து வாளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இருபது லீற்றர். குளியலறைக்குப் போகும் வழியில் வாளி இரண்டு தரம் சுவரில் இடித்தது. மூன்று நாளாகப் படிந்த ஈஸ்ட் முழுக்க எழும்பிப் பியருக்குள் கலந்தது. நான் குடித்த மங்கல் அதுதான்.

ராசிக் எண்ணை ஐந்துக்கு மாற்றினார். உள்ளே சூடு ஏறும்வரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இரத்தினம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார். எண் நாலுக்கு ஏறியதும் மருந்தை நடுத்தட்டில், ஒன்றில் ஒன்று முட்டாமல் அடுக்கினார். போகும்போது வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னார்.

"மகளுக்கு நான் சொல்ல மாட்டன். நீங்க சொல்லுங்க."

8

ரூபிகா வேலையால் வந்து கேட்டபோது முதலில் சிரித்தாள். விடியற்காலைத் தொழுகையில் அவர்கள் கேட்ட துஆ வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

இரத்தினம்மா தன் நோயைப் பற்றிய கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். கவுண்டர் இடத்தை இன்னொரு தரம் கேட்டார். "சனத்துக்கு முன்னால சீலையை விலத்தினனானோ நான்?" என்றார். தனக்கு நீரிழிவு கொடுத்ததை இரண்டு நாளில் மன்னித்தார். சீலைக்கு இரண்டு கிழமை எடுத்தது. முத்திரையை நாக்கால் நனைத்ததாகச் சொன்னதை இன்னும் மன்னிக்கவில்லை. அதற்குக் கந்தோரில் ஈரப் பஞ்சு இருந்ததாம்.

9

இனி முடிவு. நான் முதலில் எழுதிய முடிவு இது:

வெள்ளம் வடிந்தது. இரத்தினம்மா ஒரு பையில் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வத்தளைக்குப் போனார். வாசலில் நின்ற சிறுமியைப் பார்த்து, 'நான்தான் பிள்ளை அந்த மாமி' என்று

சாரங்கன் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தான். நடக்கவில்லை என்றான். நடந்திருக்கலாமே, அழகாக இருக்குமே என்றேன். அழகுக்காக இன்னொரு பொய் சொல்லி அந்தப் பிள்ளையிடம் மாட்டிக்கொள்ளத் தன்னால் முடியாது, வேண்டுமென்றால் நீ போய் மாட்டிக்கொள் என்றான். இரண்டாம் நிபந்தனைக்கு அவன் கொஞ்சமாவது கிட்ட வந்தது இந்த ஓர் இடத்தில்தான். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

தண்ணீர் வடிந்த அடுத்த நாள் காலை சாரங்கன் முழங்கால்வரை றப்பர் சப்பாத்தும் கூட்டுகிற ஒரு தும்புத்தடியுமாக வத்தளை பஸ்ஸில் ஏறினான். யாரும் கூப்பிடவில்லை. ராசிக்கின் வீட்டில் சேறு கணுக்காலுக்கு மேலே நின்றது. ஒன்றும் கேட்காமல் வழிக்கத் தொடங்கினான். ராசிக், அலுமாரியை அந்தப் பக்கம் பிடியுங்கள், இதை வெளியே போடுங்கள் என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. றலியா மற்ற எல்லோருக்கும் போல அவனுக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. சேற்று மணத்திலும் அந்த இஞ்சி தொண்டையில் நின்றது என்கிறான்.

மதியம் சாயும் நேரம் ரிஸ்லா முற்றத்தில் குந்தியிருந்து நனைந்த பாடப்புத்தகங்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளே கேட்டாள், நீங்கள்தானே வெள்ளவத்தை மாமியின் மருமகன் என்று. மாமி வீட்டுக்கும் தண்ணீர் வந்ததா, ஊசியெல்லாம் பத்திரமா என்று.

சாரங்கன் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினான். சொன்னான். ஃபிரிட்ஜ் அவசரத்துக்காகச் சொன்ன பொய் என்றும், அதற்குள் வைத்தது பியர் என்றும், மாமி நீரிழிவு இல்லாமல் சுகமாக இருக்கிறார் என்றும். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தான், அது வாய்க்குள் பாதியில் நின்றுவிட்டது.

"அப்ப கவுண்டர்ல குத்தினது?"

"அதுவும் நான் சோடிச்சதுதான்."

ரிஸ்லா கையிலிருந்த விஞ்ஞானப் புத்தகத்தைப் பார்த்தாள். இரண்டு தாள் ஒட்டியிருந்தன. நகத்தால் மெதுவாகப் பிரித்தாள்.

"அதக் கேட்டுத்தான் நான் க்ளாஸ்ல குத்தத் தொடங்கின."

இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டுவிட்டான். கேட்டபிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று விளங்கியது.

"இனி என்ன" என்றாள் ரிஸ்லா. "குத்தத்தானே வேணும்."

அடுத்த புத்தகத்தை எடுத்தாள். ராசிக் சேறு அள்ளும் சவளோடு வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மகளைப் பார்த்தார், சாரங்கனைப் பார்த்தார், வீட்டின் பின்பக்கம் போய்விட்டார். சாரங்கன் பின்னேரம் ஐந்து மணிவரை வழித்துவிட்டு பஸ் ஏறினான்.

10

நான் இங்கே நிறுத்த விரும்பினேன். நல்ல இடம். பிள்ளை சொன்ன வார்த்தையோடு கதை நின்றால் எழுத்தாளருக்கு மேலதிக வேலை இல்லை.

சாரங்கன் விடவில்லை. இதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னான். மருந்தைத் திருப்பி எடுக்க ராசிக் வரவில்லை. மைத்துனர் ரிம்ஸானை அனுப்பினார். ரிம்ஸான் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பட்டறை திரும்பவும் திறந்துவிட்டது என்று மட்டும் கேள்வி. சாரங்கன் அந்த வீதியால் இரண்டு தரம் போனான். இரண்டு தரமும் எதிர்ப் பக்க நடைபாதையால்.

போன கிழமை செவ்வாயன்று அவனுடைய தொலைபேசிக்கு ராசிக்கிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது. பதினாலு வினாடி. எட்டு நாளாகத் திறக்காமல் வைத்திருக்கிறான். ரூபிகா அழுத்தப் போனாளாம், பறித்துவிட்டான். இரத்தினம்மா, ஃபிரிட்ஜ்காரனுக்குத் தன்னுடைய சுகத்தையாவது சொல்லிவிடு என்றாராம்.

இன்று என் வீட்டுக்கு வந்து தொலைபேசியை மேசையில் வைத்தான். நீ எழுதுகிறவன்தானே, இதற்குள் என்ன இருக்கிறது என்று எழுது, நான் பிறகு திறந்து பார்க்கிறேன் என்றான். நீ எழுதினது நல்லதாக இருந்தால் திறக்கத் துணிவு வரும் என்றான்.

முயன்றேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். 'மன்னிச்சிட்டன் தம்பி' என்பதற்கு இரண்டு வினாடி போதும். மிச்சம் பன்னிரண்டு வினாடிக்கு அவர் என்ன செய்வார்? 'இனி இந்தப் பக்கம் வர வேணாம்' என்பதற்கும் இரண்டரை. 'அந்தக் கொன்ட்ரோலர் பெட்டிய ஒருக்கா செக் பண்ணணும், எப்ப வரட்டும்' என்பதற்கு ஐந்து, இடையில் இருமினால் ஆறு. ரிஸ்லா பேசியிருந்தால் வேறு கணக்கு. தவறுதலாகக் கைபட்டுப் பட்டறைச் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கவும் கூடும். அப்படி எனக்கே நிறையப் பேர் அனுப்பியிருக்கிறார்கள்.

அவருடைய வாய்க்குள் ஒரு வார்த்தையை வைக்க என்னால் முடியவில்லை. அந்த மனிதரை வைத்து ஏற்கெனவே இரண்டு பேர் கதை சொல்லியாயிற்று. ஒருவன் அவருக்கு, மற்றவன் உங்களுக்கு.

எழுத மாட்டேன் என்று தொலைபேசியைச் சாரங்கன் பக்கம் தள்ளினேன். அவன் திரும்ப என் பக்கம் தள்ளினான். திரை அணைந்து அணைந்து எரிகிறது. இன்னும் மேசையில்தான் இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் கையை நீட்டினால் எட்டும்.